வானொலி விதைத்த கிருஷ்ணசாமி செட்டியார்

நம் சேத்தூர்ப் பக்கத்தில் பெரியவர்கள் நாலு பேர் கூடினால் பழைய வானொலிப் பேச்சு எழாமல் இராது. சிற்றலை வரிசையில் முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி இலங்கை வானொலியைப் பிடித்த கதை வரும். ஊர்ப் பொது ஒலிபெருக்கியின் அடியில் கூடி நின்று செய்தி கேட்ட கதையும் வரும். இந்த இன்பத்தைத் தமிழ் மண்ணில் முதலில் விதைத்தவர் யார்? அரசாங்கமன்று, பெரிய கம்பெனியுமன்று. வானொலியைப் பொழுதுபோக்காகக் கொண்ட ஒரு மின்பொறியாளர். அவரே சென்னை சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார்.

முதல் உலகப்போர் முடிந்த காலம் அது. உலகெங்கும் கம்பியில்லாத் தந்தி ஆர்வலர்கள் தாமே கருவி செய்து பழகி வந்தனர். 200 மீட்டருக்குக் குறைந்த அலைகள் பயனற்றவை என்று எண்ணி அவர்களிடம் விட்டிருந்தார்கள். அந்தச் சிற்றலைகளிலேயே 1923 நவம்பரில் பிரான்சு, அமெரிக்க ஆர்வலர்கள் இருவர் அட்லாண்டிக் கடலைத் தாண்டித் தொடர்பு கொண்டு உலகை வியக்க வைத்தனர். அதே ஆண்டில் பம்பாய், கல்கத்தா வானொலிச் சங்கங்களும் ஒலிபரப்பத் தொடங்கின.

சென்னை மட்டும் பின்தங்கலாமா? செட்டியார் இங்கிலாந்திலிருந்து உறுப்புகளைக் கொணர்ந்து, ஒலிபரப்பியை வீட்டிலேயே இணைத்து உருவாக்கினார். 1924 மே 16 அன்று சென்னை மாகாண வானொலிச் சங்கம் பிறந்தது. ஜூலை 31 அன்று எழும்பூர் ஹாலோவேஸ் தோட்டத்திலிருந்து ஒலிபரப்புத் தொடங்கியது. கருவியின் ஆற்றல் 40 வாட். இன்றைய நம் வீட்டு மின்விசிறி இதைவிட அதிக மின்சாரம் உண்ணும்! பின்னர் 200 வாட் கருவி வந்தது. மாலை வேளைகளில் இசையும் உரைகளும் காற்றில் மிதந்தன. இந்திய ஒலிபரப்புக் கம்பெனி பம்பாயில் தொடங்கியதே 1927 ஜூலையில்தான் என்றால், சென்னைச் சங்கத்தின் துணிவு விளங்கும்.

ஆனால் ஆர்வம் இருந்த அளவு பணம் இல்லை. 1927 அக்டோபரில் சங்கம் ஒலிபரப்பை நிறுத்தியது. செட்டியாரின் கனவு அன்றே மடிந்ததா? இல்லை. ஒலிபரப்பி சென்னை மாநகராட்சிக்கு அன்பளிப்பாகச் சென்றது. 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சி நாள்தோறும் மாலை 5.30 முதல் 7.30 வரை ஒலிபரப்பியது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் பொதுமக்களுக்காக ஒலிபெருக்கிகள் முழங்கின. மாநகராட்சிப் பள்ளிக் குழந்தைகள் இசைப் பாடமும் கதையும் கேட்டனர். வானொலிப் பெட்டி வாங்க வசதியற்றவனும் காசில்லாமல் கேட்டான். 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்படும் வரை இப்பணி நடந்தது.

சங்கம் மூன்றாண்டே ஒலிபரப்பியது. அது விதைத்த விதையோ மரமாயிற்று. தனக்கென வைத்துக்கொண்டிருந்தால் செட்டியாரின் கருவி ஒரு வீட்டு வேடிக்கையாகவே முடிந்திருக்கும். பலரோடு பகிர்ந்ததால் பொதுச் சொத்தாயிற்று. பொழுதுபோக்கு என்பது பொழுதைக் கொல்வதன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

2004 ஆழிப்பேரலையில் அந்தமான் தீவுகள் தொடர்பிழந்து தவித்தபோது, அங்கிருந்த ஆர்வலர்கள் தம் சிற்றலைக் கருவிகளால் செய்தி அனுப்பி உதவினர். செட்டியாரின் வழித்தோன்றல்கள் என்று அவர்களைச் சொன்னால் மிகையாகாது. 12 வயது நிரம்பிய எவரும் அரசுத் தேர்வு எழுதி அமெச்சூர் வானொலி உரிமம் பெறலாம். மாணவ நண்பர்களே, நம்மில் ஒருவரேனும் முன்வரலாகாதா?