தாகூருக்கு முன்பே ‘சர்’ பட்டத்தை உதறிய மதுரைக்காரர்: யார் இந்த மணி அய்யர்?
ஜாலியன்வாலா பாக் படுகொலையைக் கண்டித்து 1919-ல் தாகூர் ‘சர்’ பட்டத்தைத் துறந்தது நமக்குத் தெரியும். அதற்கு ஒரு வருஷம் முன்னாடியே அதைச் செய்தவர் எஸ்.சுப்பிரமணிய அய்யர். அந்தக் காலத்து ஆட்களுக்கு ‘மணி அய்யர்’.

1842-ல் மதுரையில் பிறந்தவர். வக்கீலாகத் தொடங்கி, 1895-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியானார். திவான் பகதூர், கே.சி.ஐ.இ. எனப் பட்டங்கள் வந்தன. பெயருக்கு முன்னால் ‘சர்’ சேர்ந்தது. 1907-ல் பதவியிலிருந்து விலகினார்.

அதன்பிறகு பென்ஷன் வாங்கிட்டு நிம்மதியா வீட்டில் இருந்திருக்கலாம். ஆனால், அவர் ஹோம் ரூல் லீக்கின் கவுரவத் தலைவரானார். 1917 ஜூனில் அன்னி பெசன்ட்டை அரசு காவலில் வைத்தது. உடனே அமெரிக்க அதிபர் வில்சனுக்கே கடிதம் எழுதினார். இந்தியாவுக்குத் தன்னாட்சி கொடுத்தால், உலகப் போருக்கு லட்சக்கணக்கான வீரர்கள் முன்வருவார்கள் என்பதுதான் சாராம்சம்.

1918-ல் விவகாரம் வெடித்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இந்தியாவுக்கான அமைச்சர் மாண்டேகு அவரைக் கடுமையாகச் சாடினார். அரசு பட்டத்தைப் பறிக்கட்டும்னு அவர் காத்திருக்கவில்லை. 75 வயதில், இரண்டு பட்டங்களையும் தானாகவே துறந்தார்.

1924-ல் காலமானார். சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸ் அருகே அவருக்குச் சிலை இருக்கு. அந்தப் பக்கம் போனா, ஒரு நிமிஷம் நின்னு பாருங்க.