மகாராணியின் முன்ஷி

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். தலைவர்களைப் பற்றி எழுத நம்மில் பலர் இருக்கிறார்கள். நான் ஒரு பணியாளரைப் பற்றி எழுதுகிறேன்.

வரலாறு படித்தவர்களுக்கு 1858-ஆம் ஆண்டு விக்டோரியா மகாராணியின் பிரகடனம் மறந்திருக்காது. இனம், மதம் பாராமல் தகுதியுள்ள இந்தியருக்கு அரசுப் பதவி உண்டு என்பது அதன் வாக்குறுதி. தேர்வுக்காக அதை உருப்போட்டவர்களில் நானும் ஒருவன். அந்த வாக்குறுதி மகாராணியின் சொந்த வீட்டுக்குள்ளேயே என்ன பாடுபட்டது என்பதை அப்துல் கரீமின் வாழ்க்கை காட்டுகிறது.

1863-ல் ஜான்சி அருகே லலித்பூரில் பிறந்தவர். அப்பா ஆக்ரா சிறையில் மருத்துவ உதவியாளர். இவருக்கும் அங்கேயே குமாஸ்தா வேலை. 1887-ல் மகாராணியின் ஆட்சிப் பொன்விழாவை ஒட்டி, சிறைக் கண்காணிப்பாளர் டைலர் இவரை இங்கிலாந்துக்கு அனுப்பி வைத்தார். போன இடத்தில் கிடைத்ததோ சாப்பாட்டு மேஜையில் பரிமாறுகிற வேலை! பேனா பிடித்த கை ஆயிற்றே, ஊருக்கே போகிறேன் என்றார். மகாராணி விடவில்லை. அதற்குள் அவரிடம் இந்துஸ்தானி படிக்க ஆரம்பித்திருந்தார். 1888-ல் கரீம் முன்ஷி, அதாவது ஆசிரியர் ஆனார். அவர் பரிமாறுகிற மாதிரி எடுத்த புகைப்படங்களை அழித்துவிடச் சொல்லி உத்தரவு போட்டார்களாம். எழுபதை நெருங்கிய வயதில் எழுதப் பழக ஆரம்பித்த மகாராணி 13 நோட்டுப் புத்தகங்களை நிரப்பினார்.

அரண்மனைக்காரர்களுக்கு இது பொறுக்குமா? நிறம் ஒரு குறை என்றால் பிறப்பு இன்னொரு குறை. தன் தந்தை பெரிய மருத்துவ அதிகாரி என்று கரீம் சொல்லிக்கொண்டிருந்தார். பான்சன்பி என்ற அதிகாரி ஆக்ராவில் விசாரித்து, அவர் சிறை மருந்தாளர்தான் என்று வந்து சொன்னார். நீ வேறு யாரையோ பார்த்திருப்பாய் என்று மகாராணி அடித்துப் பேசிவிட்டார். கசாப்புக்காரர் மகனும் மளிகைக்காரர் மகனும் பேராயர் ஆகவில்லையா என்றும் கேட்டிருக்கிறார். 1897-ல் பிரான்ஸ் பயணத்தின்போது, முன்ஷியோடு ஒரே மேஜையில் சாப்பிடுவதைவிட ராஜினாமா செய்வோம் என்று அதிகாரிகள் மிரட்டினார்கள். மகாராணி கோபத்தில் மேஜைமேல் இருந்ததையெல்லாம் கீழே தள்ளினாராம். முன்ஷி பிரான்ஸ் போய்ச் சேர்ந்தார்.

கரீமும் மகான் அல்ல. கூட இருந்த இந்தியப் பணியாளர்களோடு தன்னைச் சேர்த்து எண்ணினால் அவருக்குப் பிடிக்காது. மேலே இருப்பவன் தன்னை மிதிப்பது வலிக்கிறது; தனக்குக் கீழே ஒருவன் வேண்டும் என்ற ஆசை மட்டும் போகவில்லை. அரண்மனை அவருக்கு அந்தப் பாடத்தையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்தது.

1901 ஜனவரி 22-ல் மகாராணி காலமானார். கடைசியாக முகம் பார்க்க ஏழாம் எட்வர்டு அனுமதித்தார். அதோடு சரி. சில நாட்களிலேயே, கரீம் குடியிருந்த ஃப்ராக்மோர் காட்டேஜுக்கு ஆட்கள் வந்தார்கள். மகாராணி எழுதிய கடிதங்களை வாங்கி அங்கேயே எரித்தார்கள். குடும்பத்தோடு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். 1909-ல் ஆக்ராவில் இறந்தார். அவருடைய நாட்குறிப்பு கராச்சியில் உறவினரிடம் பத்திரமாக இருந்தது. அதைத் தேடிப் பிடித்தவர் ஷ்ராபணி பாசு.

அதே ஃப்ராக்மோர் காட்டேஜில் 2019-ல் இளவரசர் ஹாரியும் மேகனும் குடியேறினார்கள். பிறக்கப்போகும் குழந்தையின் நிறம் பற்றி அரச குடும்பத்தில் பேச்சு வந்ததாக 2021-ல் மேகன் சொன்னபோது பலர் திடுக்கிட்டார்கள். எனக்குக் கரீம்தான் நினைவுக்கு வந்தார்.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். கரீமுக்குக் கிடைத்தது ஒருவருடைய தயவு. உலகத்திலேயே பெரிய மகாராணியின் தயவுதான், ஆனாலும் அவர் கண்ணை மூடியதும் அது சாம்பலாயிற்று. நாளைக்கு நீங்கள் அதிகார நாற்காலியில் உட்காருவீர்கள். பிடித்த ஒருவரைக் கைதூக்கிவிட்டால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். உங்களுக்குப் பின் வருகிறவரும் மீற முடியாத விதியாக எழுதி வைத்துவிட்டு எழுந்திருங்கள்.