ஏடறியாதவர் எழுப்பிய பள்ளி

பாளையத்தில் இருக்கும் அய்யன்காளி மண்டபத்தை நாம் எத்தனையோ முறை கடந்து சென்றிருக்கிறோம். விக்டோரியா அரசியாரின் பெயரால் 1896இல் எழுந்த அம்மண்டபம், 2019இல் அய்யன்காளியின் பெயரைப் பெற்றது. வெள்ளையம்பலம் சந்திப்பிலே அவருடைய சிலை நிற்கிறது. 1980இல் இந்திரா காந்தி அம்மையார் திறந்து வைத்த சிலை அது. நாள்தோறும் அச்சிலையைப் பார்க்கும் தமிழ் மாணவர் பலருக்கு அவர் யார் என்பது தெரியாது. படிப்பை நாடி இந்நகருக்கு வந்த எனக்கும் நெடுநாள் தெரியாதுதான்.

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டத்தில் ஒரு பேச்சு எழுந்தது. கட்டட வேலைக்காக இங்கே வந்து தங்கியிருக்கும் நம்மவர் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஞாயிறு மாலையில் நாம் பாடம் சொல்லிக் கொடுக்கலாமா என்பதே அப்பேச்சு. பள்ளி நடத்துவது அரசின் கடமை, நமக்கோ தேர்வு நெருங்குகிறது என்று சிலர் கூறினர். நான் வாய் திறக்கவில்லை. ஆய்வுக்கூட வேலை மீதமிருக்கிறது என்று என் மனத்துக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதன் பிறகுதான் அய்யன்காளியின் வாழ்க்கையைப் படித்தேன். படித்ததைச் சுருக்கமாக இங்கே சொல்கிறேன்.

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, விழிஞத்துக்கு அருகில், வெங்கானூர் என்ற சிற்றூரில் 1863ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை அய்யன், தாய் மாலா. புலையர் குலம். திருவிதாங்கூரில் அடிமை முறை 1855இலேயே சட்டப்படி ஒழிக்கப்பட்டிருந்தது. ஆனால் சட்டம் வேறு, வாழ்க்கை வேறு. வயலில் நெல்லை விளைவித்தவர்கள் பொது வழியில் நடக்கக் கூடாது. சந்தைக்குள் நுழையக் கூடாது. தூய ஆடை உடுத்தக் கூடாது. அவர்களுடைய பிள்ளைகள் பள்ளிக்கூடத்தின் பக்கமே போகக் கூடாது. அய்யன்காளியும் எழுத்தறிவு பெறாமலே வளர்ந்தார்.

இளமையில் அவர் உடல் வலிமை மிக்கவர். ஊர் இளைஞர்களைத் திரட்டி அவர்களுக்குச் சிலம்பமும் மற்போரும் பழக்க ஏற்பாடு செய்தார். 1893இல் தம் முப்பதாம் வயதில் ஒரு வில்வண்டி வாங்கினார். காளைகளைப் பூட்டி, வெள்ளை வேட்டியும் தலைப்பாகையுமாக அதில் ஏறி, தம்மவர்க்குத் தடுக்கப்பட்டிருந்த பொது வழியிலே ஓட்டிச் சென்றார். எதிர்த்தவர்கள் வழிமறித்தார்கள். அவர் வண்டியை நிறுத்தவில்லை. 1898இல் பாலராமபுரத்துக்குத் தோழர்களோடு நடந்து சென்றபோது பெருங்கலகமே மூண்டது. இருதரப்பிலும் குருதி சிந்திற்று. ஆயினும் அடைபட்ட வழிகள் ஒவ்வொன்றாகத் திறக்கத் தொடங்கின.

அந்நாளில் அவருக்கு ஊக்கமளித்தவர்களுள் ஒரு தமிழரும் உண்டு என்பது நாம் அறிய வேண்டிய செய்தி. தமிழகத்திலிருந்து வந்து திருவனந்தபுரம் ரெசிடென்சியில் மேலாளராயிருந்த தைக்காட்டு அய்யாதான் அவர். எல்லாச் சாதியாரையும் ஒரே பந்தியில் அமர்த்தி உணவளித்த அப்பெரியார், அய்யன்காளியையும் அப்பந்தியில் அமர்த்தினார் என்பர். பிழைக்க வந்த ஊரில் நமக்கென்ன என்று அவர் ஒதுங்கியிருக்கவில்லை.

வழி திறந்தால் மட்டும் போதாது, கல்வி வேண்டும் என்று அய்யன்காளி உணர்ந்தார். 1904இல் வெங்கானூரில் ஓலையும் கழியும் கொண்டு ஒரு பள்ளிக் குடிசை எழுந்தது. கட்டியவர்கள் பகலெல்லாம் வயலில் உழைத்த கூலிகள். அவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் இல்லை. அன்றிரவே அதற்குத் தீ வைத்துவிட்டார்கள். மீண்டும் கட்டினார்கள். 1907இல் அவர் சாதுஜன பரிபாலன சங்கத்தைத் தோற்றுவித்தார். சங்கத்துக்குப் பெரும்பொருள் கொடுக்கச் செல்வர் யாருமில்லை. உழைக்கும் மக்கள் தங்கள் கூலியிலிருந்து சேர்த்த சிறு காசே அதன் முதல். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்தோறும் கூடினார்கள். தூய்மையைப் பற்றியும் மதுவின் கேட்டைப் பற்றியும் பள்ளியைப் பற்றியும் பேசினார்கள்.

தாழ்த்தப்பட்ட பிள்ளைகளையும் அரசுப் பள்ளிகளில் சேர்க்கலாம் என்று அரசாணை பிறந்தது. அதை நடைமுறைக்குக் கொண்டுவரத் திவான் ராஜகோபாலாச்சாரியும் துணை நின்றார். ஆனால் பள்ளிகளின் கதவு திறக்கவில்லை. மன்னராட்சியின் குறைகளை அஞ்சாது எழுதிய சுதேசாபிமானி இதழின் ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளைகூட 1910இல் இதை எதிர்த்தே எழுதினார். அப்படியிருக்கச் சிற்றூர்களின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

அய்யன்காளி ஆணையை நம்பிக் கைகட்டி இருக்கவில்லை. பஞ்சமி என்ற சிறுமியைத் தம்மோடு அழைத்துக்கொண்டு ஊரூட்டம்பலம் பள்ளிக்குச் சென்றார். கலகம் மூண்டது, பள்ளிக்கே தீ வைத்தார்கள். ஒரு சிறுமி அமர்ந்ததற்காக ஒரு பள்ளியையே எரித்தார்கள்! இன்று அப்பள்ளி அய்யன்காளி, பஞ்சமி ஆகிய இருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது.

பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காதவரை நிலத்தில் இறங்குவதில்லை என்று உழவுத் தொழிலாளர்கள் முடிவு செய்தார்கள். கூலி உயர்வும் கேட்டார்கள். எனினும் கல்வியே முதற்கோரிக்கை. மாதங்கள் கடந்தன. நாற்று விழவில்லை. வயல்களில் களை மண்டியது. நிலக்கிழார்கள் தாங்களே சேற்றில் இறங்கிப் பார்த்துச் சலித்தார்கள். தொழிலாளர் குடிசைகளிலோ அடுப்பு எரியவில்லை. அப்போது கைகொடுத்தவர்கள் அக்கம்பக்கத்துக் கடற்கரை மீனவர்கள். படகுக்கு ஒருவராகத் தொழிலாளர்களைச் சேர்த்துக்கொண்டு, பிடித்த மீனில் பங்கு கொடுத்தார்கள். தாமே ஏழைகளாயிருந்தும் அண்டை வீட்டான் பசிக்கு வலையில் இடம் கொடுத்தார்கள். முடிவில் நாகம் பிள்ளை என்ற மாஜிஸ்திரேட்டு நடுவராக அமர்ந்தார். கூலி உயர்ந்தது. பள்ளியில் சேரும் உரிமையும் ஒப்புக்கொள்ளப்பட்டது.

வெங்கானூர்ப் பள்ளிக்கு அரசின் இசைவு கிடைத்தபின் வேறோர் இடர் வந்தது. கற்பிக்க ஆசிரியர் யாரும் வர அஞ்சினர். திருவனந்தபுரம் கைதமுக்கைச் சேர்ந்த பரமேசுவரன் பிள்ளை என்பவர் துணிந்து இசைந்தார். வழியில் அவருக்குத் தீங்கு நேராதபடி தொண்டர்கள் அவரைச் சூழ்ந்து அழைத்து வந்தார்கள். மாலையில் அவ்வாறே கொண்டுபோய் விட்டார்கள். எழுத்தறியாத அந்தத் தொண்டர்கள் ஓர் ஆசிரியரைக் கண்ணின் மணிபோல் காத்தார்கள். தங்களுக்குக் கிட்டாத ஒன்று தங்கள் பிள்ளைகளுக்காவது கிட்டட்டும் என்பதற்காகவே காத்தார்கள்.

1911 இறுதியில் அய்யன்காளி ஸ்ரீமூலம் பிரஜா சபையின் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். அச்சபை கூடிய இடம், முன்னே சொன்ன அதே மண்டபம். அங்கே இருபது ஆண்டுகளுக்கு மேல் தம் மக்களுக்குத் தரிசு நிலமும், கல்விச் சலுகையும், அரசுப் பணியும் கேட்டுப் பேசினார். 1936 நவம்பரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது. அடுத்த சனவரியில் காந்தியடிகள் வெங்கானூருக்கே வந்து அவரைச் சந்தித்தார். அப்போது முதியவராகிவிட்ட அய்யன்காளி தமக்கென்று ஒன்றும் கேட்கவில்லை. தாம் கண்மூடுவதற்குள் தம் மக்களில் பத்துப் பேராவது பி.ஏ. பட்டம் பெற்றிருக்கக் காண வேண்டும் என்ற ஒரே ஆசையைத்தான் சொன்னார். 1941 சூன் 18ஆம் நாள் அவர் மறைந்தார்.

நண்பர்களே! இவ்வாழ்க்கையிலிருந்து நான் கற்றது ஒன்று. சட்டம் வேண்டும், அரசின் ஆணையும் வேண்டும், அவற்றைக் கேட்டுப் பெறவே அய்யன்காளி பாடுபட்டார். ஆனால் ஆணை தானே நடந்து சென்று ஒரு குழந்தையின் கையைப் பிடித்துப் பள்ளிக்கு அழைத்துப் போவதில்லை. அதற்கு ஓர் ஆள் வேண்டும். ஊரூட்டம்பலத்துக்கு நடந்தவர் வேண்டும். கைதமுக்கிலிருந்து வந்தவர் வேண்டும். அவருக்குத் துணையாக வழிநெடுக நடந்தவர்களும் வேண்டும். அரசின் கடமை என்று நாம் சொல்வது உண்மைதான். அக்கடமைக்கும் குழந்தைக்கும் இடையே கிடக்கும் தூரத்தை நடந்து கடப்பவனே தொண்டன்.

இன்று இந்நகரில் பள்ளிக் கதவுகள் திறந்தே இருக்கின்றன. ஆனால் புதிய ஊருக்கு வந்த தமிழ்ப் பிள்ளைக்கு வகுப்பில் பேசும் மொழி புரியவில்லை. தந்தையின் வேலை முடிந்தால் வீடு மாறும், பள்ளியும் மாறும். வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள யாருமில்லை. இரு மொழியும் அறிந்த நாம் அருகிலேயே விடுதியில் இருக்கிறோம். தொண்டாற்ற நமக்கு நிலமோ பொருளோ வேண்டியதில்லை. நம்மை யாரும் வழிமறிக்கப் போவதுமில்லை. நாம் இழக்கப்போவது வாரத்தில் இரண்டு மணி நேரம்.

பத்துப் பட்டதாரிகளைக் காண ஏங்கியவர் வாழ்ந்த மண்ணில், பட்டம் பெற்று மேற்பட்டமும் படிக்கும் நாம் நேரமில்லை என்று சொல்வது அழகாகுமா? எனக்கு நாணமாயிருந்தது. ஞாயிறு வகுப்புக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுமாறு சங்கச் செயலாளரிடம் சொல்லிவிட்டேன். கணக்கும் அறிவியலும் நான் பார்த்துக்கொள்கிறேன். மலையாளம் நன்கு எழுதத் தெரிந்தவர் ஒருவர் வேண்டும். யார் வருகிறீர்கள்?