காடு அவருக்குத் தாய்வீடு



நமது உத்திரமேரூர் கல்வெட்டைப் பற்றி நாம் பெருமையோடு பேசுகிறோம். கி.பி. 921-ஆம் ஆண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டு, குடவோலை முறையோடு, 6 பேர் கொண்ட ஏரி வாரியத்தைப் பற்றியும் சொல்கிறது. நீரும் மரமும் ஊருக்குப் பொது. ஊரே அவற்றைக் காக்க வேண்டும் என்பது நம் முன்னோர் அறிந்திருந்த உண்மை. இதே உண்மைக்காக இமயமலையில் எழுந்து நின்ற ஓர் எளிய பெண்ணின் வாழ்வை இன்று சிந்திப்போம்.

கௌரா தேவி 1925-இல், இன்றைய உத்தராகண்ட் மாநிலத்தின் லாதா கிராமத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பு அவருக்குக் கிட்டவில்லை. ரேணி கிராமத்தில் வாழ்க்கைப்பட்டு, 22 வயதிலேயே கணவரை இழந்தார். ஒரே மகனைத் தனியாகப் பாடுபட்டு வளர்த்தார். பின்னாளில் ஊர்ப் பெண்கள் அவரைத் தங்கள் மகளிர் மன்றத் தலைவியாக்கினர்.

1970-இல் அலக்நந்தா ஆற்றில் பெருவெள்ளம் வந்தது. மலையில் மரங்களை வெட்டியதன் விளைவே இது என்று மக்கள் உணர்ந்தனர். 1973-இல் மரங்களைக் கட்டித் தழுவிக் காக்கும் சிப்கோ இயக்கம் பிறந்தது. ஆனாலும் ரேணி காட்டில் ஏறத்தாழ 2,500 மரங்கள் ஏலம் போயின.

1974 மார்ச் 26 அன்று, நிலத்துக்கான இழப்பீடு பெறுவதற்காக ஆண்கள் வெளியூர் சென்றிருந்தனர். அந்த நேரம் பார்த்து மரம் வெட்டுவோர் வந்தனர். செய்தி கேட்ட கௌரா தேவி 27 பெண்களோடு காட்டுக்கு விரைந்தார். அந்தக் காடு தங்களுக்குத் தாய்வீடு என்று எடுத்துச் சொன்னார். மிரட்டினார்கள், துப்பாக்கியையும் நீட்டினார்கள். அவர் விலகவில்லை. பெண்கள் இரவெல்லாம் மரங்களைக் காவல் காத்தனர். இறுதியில் வந்தவர்கள் திரும்பிப் போனார்கள்.

அரசு அமைத்த குழுவின் அறிக்கைக்குப் பின், அப்பகுதியில் 10 ஆண்டுகளுக்கு மரம் வெட்டத் தடை வந்தது. 1980-இல் அன்றைய உத்தரப் பிரதேசத்தின் இமயமலைக் காடுகளுக்கு 15 ஆண்டுத் தடை கிடைத்தது. 1983-இல் கர்நாடகத்தில் அப்பிக்கோ இயக்கம் தோன்றவும் சிப்கோ தூண்டுதலாயிற்று.

1991-இல் கௌரா தேவி மறைந்தார். 2021 பிப்ரவரி 7 அன்று, அதே ரேணி அருகே வந்த பெருவெள்ளம் நீர்மின் திட்டத்தை அடித்துச் சென்றது. அந்தப் பேரிடரில் 200-க்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமல் போயினர். மலைகளையும் காடுகளையும் காக்கும் பணி ஒரு தலைமுறையோடு முடிவதில்லை என்பதை இது நமக்கு உணர்த்துகிறது.

நமது கிராம சபைகளில் நாம், சிறப்பாக நம் தாய்மார்கள், ஏரியின் வரத்துக் கால்வாயைப் பற்றியும், கரை மரங்களைப் பற்றியும் கேட்கிறோமா? அடுத்த கூட்டத்தில் எழுந்து கேட்போம்.