துருக்கிப் போர்க்களத்தில் டாக்டர் அன்ஸாரி

மர்ஹூம் டாக்டர் முக்தார் அஹ்மத் அன்ஸாரி அவர்களை இந்திய தேசிய காங்கிரஸின் தலைவராக இருந்தவர் என்றும், டில்லி ஜாமிஆ மில்லிய்யாவைத் தோற்றுவித்த பெரியார்களுள் ஒருவர் என்றும் நம்மவர் அறிவர். ஆனால் அவர் முதலாவதாக ஒரு ரண சிகிச்சை நிபுணர். குண்டடிபட்ட சிப்பாய்களின் காயங்களைக் கழுவிக் கட்டுவதற்காகக் கடல் கடந்து போனவர். அந்தச் சில மாதச் சேவையை, அவருடைய பிற்காலப் பெருமைகளுக்கு முன்னுரை போல நாலு வரியில் சொல்லி முடித்துவிடுவது எழுதுவோரின் வழக்கமாயிருக்கிறது. நமக்கோ அதுவே அவர் வாழ்வின் சாரமாகத் தோன்றுவதால் இங்கே சற்று விரித்துக் கூறுகிறோம்.

அன்ஸாரி அவர்கள் 1880-ம் ஆண்டு டிசம்பர் 25-ந் தேதி ஐக்கிய மாகாணத்தில் காஜிப்பூர் ஜில்லாவைச் சேர்ந்த யூஸுப்பூரில் பிறந்தார்கள். ஹைதராபாத் நிஜாம் கல்லூரியில் பயின்றார்கள். அக்காலத்தில் அக்கல்லூரி சென்னை சர்வகலாசாலையோடு இணைக்கப்பட்டிருந்தது. பிறகு நிஜாம் சர்க்காரின் உபகாரச் சம்பளம் பெற்று எடின்பரோ சென்று வைத்தியத்திலும் ரண சிகிச்சையிலும் உயர்ந்த பட்டங்கள் பெற்றார்கள். லண்டனில் லாக் ஆஸ்பத்திரியிலும் சேரிங் கிராஸ் ஆஸ்பத்திரியிலும் பணியாற்றினார்கள். இந்தியர் ஒருவர் வெள்ளையர் மீது கத்தி வைப்பதா என்று முகம் சுளித்தவர்கள் இருந்த காலம் அது. கைத்திறமை ஒன்றினாலேயே அவர்கள் அங்கு நிலைத்து நின்றார்கள். தாயகம் திரும்பி டில்லியில் தொழில் தொடங்கி அதிக காலம் ஆகவில்லை. அதற்குள் யுத்தம் வந்துவிட்டது.

1912 அக்டோபரில் பல்கேரியா, செர்பியா, கிரீஸ், மாண்டிநீக்ரோ ஆகிய நான்கு நாடுகளும் ஒன்றுசேர்ந்து உதுமானிய துருக்கியின் மீது படையெடுத்தன. சில வாரங்களுக்குள் துருக்கிப் படை பின்வாங்கிப் பின்வாங்கி, இஸ்தான்புல்லுக்கு நாற்பது கிலோமீட்டர் சுமாரில் உள்ள சதால்ஜா அரண் வரை வந்துவிட்டது. காயம்பட்டவர்கள் ஒருபுறம், காலரா கண்டவர்கள் ஒருபுறம். தலைநகரின் பள்ளிவாசல்களே ஆஸ்பத்திரிகளாயின. உலகப் புகழ் வாய்ந்த அயா சோபியாவிலும் காலரா நோயாளிகளைக் கொண்டுவந்து கிடத்தினார்கள்.

இச்செய்தி இந்திய முஸ்லிம்களை உலுக்கிவிட்டது. மௌலானா முஹம்மது அலி அவர்கள் தமது காம்ரேட் பத்திரிகையில் நிதி கோரி எழுதினார்கள். பள்ளிவாசல்தோறும் வசூல் நடந்தது. பெண்கள் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார்கள். இங்கே வணிகர்களாகிய நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. சேர்ந்த பணத்தை உண்டியல் மூலம் அனுப்பிவிட்டு ரசீதை வாங்கி வைத்துக்கொள்வது சுலபம். ஆனால் தோற்றுப் பின்வாங்கும் நாட்டின் தலைநகருக்குப் பணம் போய்ச் சேர்ந்துவிட்டால், பஞ்சும் அயோடினும் கூடாரமும் தாமாக வந்துவிடுமா? அவை வந்தாலும், கத்தி பிடிக்கத் தெரிந்த கை வேண்டுமே! ஆகவே சரக்கோடு ஆளையும் சேர்த்து அனுப்புவதென்று முடிவாயிற்று. அந்த வைத்தியத் தூதுக் குழுவுக்குத் தலைமை தாங்க முன்வந்தவர் டாக்டர் அன்ஸாரி. அப்பொழுதுதான் பெருகத் தொடங்கியிருந்த தமது தொழிலைப் போட்டுவிட்டு, 1912 டிசம்பரில் பம்பாயில் கப்பலேறினார்கள்.

குழுவில் சென்ற இருபதுக்கு மேற்பட்டவர்களில் டாக்டர்கள் சிலரே. மற்றவர் கட்டுக் கட்டுவோரும் காயம்பட்டவரைத் தூக்குவோரும். அலிகார் கல்லூரி மாணவர்களும் அவர்களுள் இருந்தார்கள். பெஷாவரைச் சேர்ந்த அப்துர் ரஹ்மான் என்ற வாலிபர், படிப்பை விட்டுவிட்டு, கையிலிருந்த சாமான்களை விற்று வழிச்செலவுக்குப் பணம் சேர்த்துக்கொண்டு சென்றார். அவர் திரும்பவேயில்லை. துருக்கியிலேயே தங்கி, கலிபோலி யுத்தத்தில் போரிட்டு, பின்னாளில் துருக்கியின் தூதராகக் காபூலுக்கும் சென்று, 1925-ல் இஸ்தான்புல்லில் சுடப்பட்டு உயிர் நீத்தார். ரவூப் பே என்ற தலைவர் என்று எண்ணி ஆள் மாறாட்டத்தில் சுட்டுவிட்டார்கள் என்பர்.

அக்காலத்து யுத்த காயம் எத்தகையது என்பதையும் சொல்ல வேண்டும். துப்பாக்கித் தோட்டா நேராகப் பாய்ந்து வெளியேறினால் காயம் பெரும்பாலும் சுத்தமாயிருக்கும்; கட்டுக் கட்டினால் ஆறியும் விடும். பீரங்கிக் குண்டின் சிதறல் அப்படியல்ல. அழுக்குச் சட்டைத் துணியையும் வயல் மண்ணையும் சதைக்குள் இழுத்துக்கொண்டு போகும். மண்ணிலுள்ள கிருமிகள் சதையை அழுகச் செய்யும்; இசிவு நோயும் உண்டாகும். மேலே தைத்து மூடிவிட்டால் பார்க்க அழகாயிருக்கும். உள்ளே சீழ் பிடித்து ஆள் இறப்பான். திறந்து, அந்நிய வஸ்துக்களை எடுத்து, செத்த சதையை வெட்டி நீக்கி, சீழ் வடிய வழி விட்டு வைப்பதே தக்க முறை. மேற்கு நாட்டு ராணுவ டாக்டர்கள் இதைத் தீர உணர்ந்ததே 1914-ல் தொடங்கிய மகாயுத்தத்தில்தான். பென்சிலின் கண்டுபிடிக்கப்பட்டது 1928-ல். 1912-ல் இரத்தத்தைச் சேமித்து வைத்து ஏற்றும் வசதியும் கிடையாது. டாக்டரிடம் இருந்தவை குளோரோபாரம், அயோடின், கொதிக்க வைத்த தண்ணீர், கத்தி இவ்வளவே.

எல்லாவற்றையும்விடக் கொடியது தாமதம். தொடையெலும்பு முறிந்தவனைச் சிம்பு வைத்துக் கட்டாமல் மாட்டு வண்டியில் போட்டுக் கரடுமுரடான பாதையில் ஓட்டினால், ஆஸ்பத்திரி வாசலுக்கு வருவது பிரேதமே. தூக்குவோருக்கும் கட்டுவோருக்கும் அன்ஸாரி அவர்களின் குழுவில் இடம் இருந்ததன் காரணம் இப்போது விளங்கும்.

பினாங்குவாசிகளான நமக்கு இவை வெறும் புத்தகச் செய்தியல்ல. 1941 டிசம்பர் 11-ந் தேதி ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ்டவுனைத் தாக்கியபோது, ஜனங்கள் தெருவில் நின்று ஆகாயத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிறிது நேரத்தில் அதே தெருக்களில் கை கால் சிதைந்து கிடந்தார்கள். ஆஸ்பத்திரி நிரம்பி வழிந்தது. தூக்கிச் செல்ல ஆள் இல்லாமல் இறந்தவர்களைப் பற்றி நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

ரண சிகிச்சை மேல்நாட்டார் நமக்குத் தந்த புதுமை என்று எண்ணுவோரும் உண்டு. குர்துபாவில் வாழ்ந்து 1013-ம் ஆண்டு வாக்கில் காலமான அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, தமது பெருநூலின் முப்பதாம் பகுதியை முழுக்க முழுக்க ரண சிகிச்சைக்கே ஒதுக்கினார். உடலில் தைத்த அம்பை எடுக்கும் விதத்தையும் அதில் எழுதி, கருவிகளின் படங்களையும் வரைந்து வைத்தார். அந்நூல் லத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பியக் கலாசாலைகளில் பல நூற்றாண்டு பாடமாயிருந்தது.

அன்ஸாரி அவர்களின் குழு துருக்கியில் இருக்கும்போதே, 1913 மார்ச்சில் எதிர்னே நகரம் முற்றுகையில் வீழ்ந்தது. வீடு வாசலை இழந்த முஸ்லிம் அகதிகள் பல்லாயிரவர் தலைநகரில் வந்து குவிந்தார்கள். காயத்தைக் கட்டிவிட்டால் தம் வேலை தீர்ந்தது என்று அவர்கள் இருந்துவிடவில்லை. அகதிகளை அனடோலியாவில் குடியேற்றும் திட்டத்திலும் ஈடுபட்டார்கள். 1913 ஜூலையில் குழு தாயகம் திரும்பியது. யுத்தத்தின் போக்கை அவர்களால் மாற்ற முடியவில்லை. அதற்காகப் போனவர்களும் அல்லர்.

பிந்திய சரித்திரம் பலரும் அறிந்ததே. கிலாபத் இயக்கத்தில் முன்நின்றார்கள். 1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸுக்குத் தலைமை வகித்தார்கள். பூரண சுதந்திரமே லட்சியம் என்ற தீர்மானம் அங்கேதான் நிறைவேறியது. சிறையும் சென்றார்கள். காந்தியடிகள் 1924-லும் 1933-லும் இருபத்தொரு நாள் உண்ணாவிரதம் இருந்தபோது, நாடி பார்த்து நின்றது இந்தக் கைதான். ஹக்கீம் அஜ்மல் கான் அவர்கள் மறைந்த பின், ஜாமிஆ மில்லிய்யாவின் தலைமைப் பொறுப்பையும் ஏற்று, பணமில்லாமல் தள்ளாடிய அக்கல்வி ஸ்தாபனத்தைக் காத்தார்கள்.

துருக்கி நட்பு அறுபடவில்லை. மேலே சொன்ன அதே ரவூப் பே 1933-ல் ஜாமிஆவுக்கு வந்து சொற்பொழிவாற்றினார். 1935-ல் ஹாலிதே எதீப் அம்மையார் டில்லிக்கு வந்து அன்ஸாரி அவர்களின் விருந்தாளியாகத் தங்கினார். பால்கன் யுத்தத்தின்போது இஸ்தான்புல்லில் காயம்பட்டோருக்குப் பணிவிடை செய்த மாதருள் அவரும் ஒருவர்.

1936 மே 10-ந் தேதி, முசூரியிலிருந்து டில்லிக்கு ரயிலில் திரும்பும் வழியில், மாரடைப்பால் டாக்டர் அன்ஸாரி அவர்கள் வபாத்தானார்கள். வயது ஐம்பத்தைந்து. ஜாமிஆ நகரில் நல்லடக்கம் செய்யப்பட்டார்கள். அங்குள்ள மாணவர் மருத்துவ நிலையம் அவர்கள் பெயராலேயே நடந்து வருகிறது.