பெட்ரோல் செடி வளர்த்த கால்வின்

பிளஸ் டூ பாடத்தில் கால்வின் சுழற்சியை மனப்பாடம் பண்ணி, பரீட்சை முடிஞ்ச கையோடு மறந்தவங்கதான் நம்மில் பாதிப் பேர். அந்தச் சுழற்சிக்குப் பேர் கொடுத்த மெல்வின் கால்வின், அறுபது வயசுக்கு மேல் கள்ளிச் செடியில் பெட்ரோல் தேடிய கதை தெரியுமா?

1911-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் பிறந்தவர். பெற்றோர் ரஷ்யப் பேரரசிலிருந்து குடியேறியவர்கள். டெட்ராய்டில் குடும்பத்துக்கு ஒரு மளிகைக் கடை இருந்தது. அங்கே அலமாரியில் இருந்த பொருள்களைப் பார்த்துத்தான் வேதியியலில் ஆர்வம் வந்ததாம். 1937-ல் பெர்க்லிக்கு வந்தவர், கடைசி வரை அங்கேதான்.

பாசிக்குக் கதிரியக்கக் கார்பன் கொடுத்து, சில நொடிகளில் அதைச் சூடான ஆல்கஹாலில் போட்டு நிறுத்தி, கார்பன் எந்தெந்தச் சேர்மத்துக்குள் போயிருக்குன்னு படிப்படியாகக் கண்டுபிடித்தது அவருடைய குழு. 1961-ல் நோபல் பரிசு அவருக்கு மட்டும் கிடைச்சது. கூடவே உழைத்த ஆண்ட்ரூ பென்சனுக்கு இல்லை. பின்னால் எழுதிய சுயசரிதையிலும் கால்வின் அவரைச் சொல்லாமல் விட்டது, என்னைக் கேட்டால், பெரிய குறைதான்.

1973-ல் எண்ணெய்த் தடை வந்து அமெரிக்க பங்குகளில் வரிசை நீண்டது. பிரேசில்காரர்கள் கரும்பிலிருந்து ஆல்கஹால் எடுப்பதைக் கால்வின் கவனித்தார். ஆனா கரும்புக்கு நல்ல நிலம் வேணும், நிறைய தண்ணீரும் வேணும். சாப்பாட்டுப் பயிர் விளையாத வறண்ட நிலத்தில், நேரடியாக ஹைட்ரோகார்பனே தயாரிக்கிற செடி இருந்தால்? ரப்பர் மரம் அதைத்தானே செய்யுது! அதே குடும்பத்தில் தேடி, யூஃபோர்பியா லாத்திரிஸ் என்ற செடியைப் பிடித்தார். அதன் பாலில் இருக்கும் மூலக்கூறுகள் ரப்பரைவிட ரொம்பச் சின்னவை. காய்ந்த செடியை அரைத்துக் கரைப்பானில் ஊறவைத்தால் கச்சா எண்ணெய் மாதிரி ஒரு சாறு வரும். ஜியோலைட் வினையூக்கியில் உடைத்தால் அதிலிருந்து பெட்ரோலே கிடைக்கும்.

தன் சொந்தப் பண்ணையிலேயே நட்டார். ஏக்கருக்கு வருஷத்துக்குப் 10 பீப்பாய் எண்ணெய் வரும் என்பது அவருடைய ஆரம்பக் கணக்கு.

வயல் அந்தக் கணக்கை ஒத்துக்கலை. பாசனம் இல்லாத இடத்தில் விளைச்சல் குறைந்தது. காரணம் அவருடைய சுழற்சியிலேயே இருக்கு: தண்ணீர் பத்தலைன்னா இலை தன் துளைகளை மூடிக்கும்; கார்பன் டை ஆக்சைடு உள்ளே போகாது; சுழற்சி மந்தமாகிடும். செடி சாகாமல் நிற்கும், ஆனா எடை கூடாது. தண்ணீர் விட்டால் விளையும். ஆனா தண்ணீர் இருக்கிற நிலத்தில் யார் கள்ளி நடுவாங்க? 1986-ல் எண்ணெய் விலையும் சரிந்தது. அதோடு பெட்ரோல் செடிக்குப் பணம் போட ஆளில்லாமல் போச்சு.

கால்வின் 1997 ஜனவரியில் பெர்க்லியில் காலமானார். தரிசு நிலத்தில் எரிபொருள் பயிர் வளர்க்க நினைக்கிறவர்கள் இன்னைக்கும் முட்டிக்கொள்வது அதே தண்ணீர்க் கணக்கில்தான்.

அவர் ஆராய்ந்த இன்னொரு செடி யூஃபோர்பியா திருக்கள்ளி. ஆமாம், அந்த அறிவியல் பெயரே மலையாளக் கரையிலிருந்து போனதுதான். நம்ம ஊர் வேலிகளில் விரல் விரலாக நிற்கிற அதே கள்ளி. உடைச்சுப் பார்க்கணும்னா பாருங்க, பால் மட்டும் கண்ணில் பட்டுடாம.