டி. எல். வெங்கடராம ஐயர்

டி. எல். வெங்கடராம ஐயர் (இறப்பு: 1971) இந்திய உச்ச நீதிமன்ற நீதிபதியாகவும் கருநாடக இசை அறிஞராகவும் விளங்கியவர். அரசு ஊழியர் மீதான ஒழுங்கு நடவடிக்கை, கட்டாய ஓய்வு ஆகியவை குறித்து 1957ஆம் ஆண்டில் இவர் எழுதிய இரு தீர்ப்புகள் இந்தியப் பணிச் சட்டத்தில் முக்கியமானவை.

சட்டப் பணி

சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த இவர், 1954 முதல் 1958 வரை உச்ச நீதிமன்றத்தில் பணியாற்றினார். பின்னர் 1961 வரை இரண்டாவது சட்ட ஆணையத்தின் தலைவராக இருந்தார்.

துறை விசாரணை

இந்திய அரசியலமைப்பின் 311ஆவது பிரிவின்படி, தம் தரப்பை எடுத்துரைக்கத் தக்க வாய்ப்பு அளிக்காமல் அரசு ஊழியரைப் பணிநீக்கம் செய்ய இயலாது. அவ்வாய்ப்பு எத்தகையது என்பதை இந்திய ஒன்றியம் எதிர் டி. ஆர். வர்மா வழக்கில் இவர் விளக்கினார். துறை விசாரணைக்குச் சாட்சியச் சட்டம் பொருந்தாது. எனினும் ஊழியர் தம் சான்றுகளை முன்வைக்கவும், எதிர்த்தரப்புச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும் இடம் தரப்பட வேண்டும். சாட்சிகளை அவர் முன்னிலையிலேயே விசாரிக்க வேண்டும். அவர் விளக்கமளிக்க வாய்ப்பில்லாத எந்த ஆவணத்தையும் அவருக்கு எதிராகப் பயன்படுத்தலாகாது. அவ்வழக்கில் இவ்விதிகள் மீறப்படவில்லை எனக் கண்டு, பணிநீக்கத்தை ரத்துச் செய்த பஞ்சாப் உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் மாற்றியது.

கட்டாய ஓய்வு

ஓய்வு வயதை நெருங்கியோர் நிலை, பம்பாய் மாநிலம் எதிர் சௌபாக்சந்த் தோஷி வழக்கில் எழுந்தது. ஓய்வு வயது 55 ஆக இருக்க, 25 ஆண்டுப் பணியோ 50 வயதோ நிறைந்தவரைக் காரணம் கூறாமல் ஓய்வு பெறச் செய்ய அரசுக்கு விதி அதிகாரம் அளித்தது. அவ்வாறு ஓய்வு பெறுபவர் ஏற்கெனவே ஈட்டிய பலன்களை இழப்பதில்லை. ஆகவே அது தண்டனையன்று, 311ஆவது பிரிவு பொருந்தாது எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. இதனால் எஞ்சிய பணிக்காலத்தை இழப்பவருக்கு விசாரணை கோரும் உரிமை இல்லாமற் போயிற்று.

ஆயினும் இத்தீர்ப்பு ஓர் எல்லையும் வகுத்தது. கட்டாய ஓய்வுக்கான வயதை விதி குறிப்பிடாவிடினும், குறிப்பிட்ட வயதுக்கு முன்னரே ஒருவர் அனுப்பப்படினும், அது பணிநீக்கமாகவே கருதப்படும். 1964இல் குருதேவ் சிங் சித்து வழக்கில், 10 ஆண்டுப் பணி முடிந்ததும் கட்டாய ஓய்வளிக்க இடந்தந்த விதியை உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது.

இசைப் பணி

இவர் அம்பி தீட்சிதரிடம் முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளைப் பயின்றார். இசையைத் தொழிலாகக் கொள்ளாதவராயினும், சென்னை மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதி விருதை 1944இல் பெற்றார். டி. கே. பட்டம்மாள் இவரிடம் தீட்சிதர் கீர்த்தனைகளைக் கற்றார். தீட்சிதரின் வாழ்வு பற்றி இவர் ஆங்கிலத்தில் எழுதிய நூலை நேஷனல் புக் டிரஸ்ட் 1968இல் வெளியிட்டது.